ஜெலட்டின் போட்ட பியர்

டப்ளினில் எங்கள் கராஜில் கார் நிற்க இடமில்லாமல் போனதற்கு நான்தான் காரணம். பியர் காய்ச்சும் பெரிய பாத்திரம், ஜாடிகள், ஒரு பழைய ஃபிரிட்ஜ் எல்லாம் அங்கேதான். என் பியர் ருசியில் குறை இருக்காது. பார்வைக்குத்தான் அரிசி கழுவிய தண்ணீர். அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாமல் என் கணவர் ஒரு கிளாஸும் குடித்ததில்லை.

கலங்கலைத் தெளிய வைக்க ஜெலட்டின் போடலாம் என்று படித்தேன். ஒரு சின்ன ஸ்பூன் பொடியை வெந்நீரில், கொதிக்க விடாமல், கரைத்து, நன்றாகக் குளிர்ந்திருந்த பியரில் ஊற்றினேன். மிதக்கிற ஈஸ்டை எல்லாம் அது இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடுமாம். மூன்றாம் நாள் ஒரு கிளாஸ் பிடித்துப் பார்த்தேன். கிளாஸுக்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது. ஆபீஸில் இருந்த கணவருக்கு உடனே போட்டோ அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டோம். அந்த அண்ணா நான் காய்ச்சிய எதையும் ருசி பார்க்காமல் விட்டதில்லை. முட்டைகூடச் சாப்பிடாதவர். கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்த்துப் பாராட்டிவிட்டு வாயருகே கொண்டுபோனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணா, குடிக்காதீங்க. அதுல ஜெலட்டின் போட்டிருக்கேன். மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிறது."

அவர் கிளாஸை மெதுவாக மேஜையில் வைத்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. எல்லாம் அடியில் படிந்திருக்கும், மேலே இருப்பதில் அநேகமாக ஒன்றும் இருக்காது என்று உளற ஆரம்பித்தேன். அவர் மனைவி என் தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லம்மா. நீ சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரியவா போகுது? சொன்னியே, அது போதும்."

என் கணவர் எழுந்து கராஜுக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க, ஜெலட்டின் ஊற்றுவதற்கு முன்பே நான் இரண்டு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நாங்கள் இருவரும் தெளிந்ததைக் குடிக்க, அண்ணா கலங்கலை ரசித்துக் குடித்தார். இரண்டாவது பாட்டிலையும் அவரே முடித்தார்.

அடுத்த முறை காய்ச்சியபோது அவரும் வந்து அடுப்பருகே நின்றார். இந்தத் தடவை தெளிய வைக்க ஜெலட்டினுக்குப் பதில் காய்ந்த கடற்பாசி. கொதி முடிய கால் மணி நேரம் இருக்கும்போது அவர் கையாலேயே போட்டார். பிறகு ஈஸ்ட் வேலை முடிந்ததும் பத்து நாள் ஃபிரிட்ஜில் வைத்துப் பொறுமையாக இருந்தோம். விரல் ரேகை தெரியவில்லை, விரல் தெரிந்தது. முதல் கிளாஸை, அதுவரை பியரைத் தொட்டே பார்த்திராத மனைவியிடம் அண்ணா நீட்டினார்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "பாவக்கா ஜூஸ் மாதிரி இருக்கு" என்றார் அவர். ஆனால் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.