பார்கவி அடித்த நாற்பத்தொரு அறிக்கைகள்

பார்கவி 2003 ஜூன் 9, திங்கட்கிழமை, பீன்யாவில் தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். சிவாஜிநகரில் பிறந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ். அவருடைய வருகைப் பதிவை இருபத்தொரு வருடம் எழுதியவன் நான். ஆறு நாள்தான் தாமதம், ஆறும் மழை நாள்கள்.

விபத்து அறிக்கைகளை இங்கிலீஷில் அடிப்பது அவர் வேலை. மேனேஜர் விஷயத்தைச் சொல்வார், வாக்கியம் பார்கவியுடையது. எல்லாவற்றிலும் 'அஸ்யூம்ட்', அதாவது எண்ணிக்கொண்டார், என்று வரும். மெஷின் நின்றுவிட்டது என்றோ, கரண்ட் இல்லை என்றோ யாராவது எண்ணிக்கொண்டிருப்பார். அதற்கு முன்னால் ஒரு சொல் வைக்க வேண்டும். எண்ணிக்கொண்டவர் தொழிலாளியானால் 'ராங்லி', தவறாக; அல்லது 'கேர்லெஸ்லி', கவனமில்லாமல். சூப்பர்வைசரானால் 'ரீசனபிளி', நியாயமாகவே. யாரும் சொல்லித்தரவில்லை, பழைய ஃபைல்களைப் பார்த்துப் பழகிக்கொண்டார். 'கேர்லெஸ்லி' விழுந்தவருக்கு வேலை போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

2024 பிப்ரவரி 13, காலை 10.40. பிரஸ்ஸில் சிக்கிய தகட்டை எடுக்கப்போன ஃபிட்டர் அய்யாவுவுக்கு வலது கை மணிக்கட்டோடு போனது. நான்காம் நாள் அறிக்கையில் ரேகை வாங்க பார்கவி ஆஸ்பத்திரிக்குப் போனார். சாட்சிக்கு நான்.

“என்ன மேடம் எழுதியிருக்கு?” என்றார் அய்யாவு. அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“கரண்ட் ஆஃப்னு நீங்க கவனமில்லாம நினைச்சுக்கிட்டீங்கன்னு.”

“நான் எங்க நினைச்சேன்? சூப்பர்வைசர் நாகேஷைக் கேட்டேன். ‘ஆஃப் ஆகிதெ, ஹோகப்பா’ன்னாரு. அப்புறம்தான் கைய விட்டேன். கைதான் போச்சு மேடம், காது நல்லாத்தான் இருக்கு.”

பார்கவி அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆபீசுக்கு வந்து புதிதாக அடித்தார்: அய்யாவு கேட்டார்; ஆஃப் ஆகிவிட்டது, போ என்று நாகேஷ் சொன்னார். 'அஸ்யூம்ட்' இல்லை. அதற்கு முன்னால் வைக்கும் சொல்லும் தேவைப்படவில்லை.

மேனேஜர் ஹரிஷ்குமார் படித்துவிட்டு, “நீங்க டைப்பிஸ்ட்டா, ஜட்ஜா?” என்றார்.

“அவர் சொன்னதை அடிச்சிருக்கேன் சார்.”

“நான் சொல்றதைத்தானே அடிக்கணும்?”

மறுநாள் வேறொருவர் பழைய வாக்கியத்தையே அடித்தார். அய்யாவு ரேகை வைக்கவில்லை. 'கையெழுத்திட மறுத்தார்' என்று கீழே சேர்த்தார்கள். மார்ச் 1 அன்று அவர் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தது என் கை. பார்கவியை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஜூனில் அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

போவதற்கு முன் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபைல் அறையில் உட்கார்ந்திருந்தார். அய்யாவுவோடு சேர்த்து அவர் அடித்தவை நாற்பத்தொன்று. தொழிலாளி எண்ணிக்கொண்டதாக இருந்தவை முப்பத்தெட்டு.

“இதுல எத்தனை பேர் கேட்டிருப்பாங்க சார்?” என்றார். என்னிடமிருந்த விலாசங்களை எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போகிறார். இன்றுவரை பதினாறு வீடு. ஒன்பது பேர், கேட்டோம், ஆஃப் என்றுதான் சொன்னார்கள் என்றார்கள். நான்கு பேர், கேட்கவில்லை என்றார்கள். மூன்று பேர் இறந்துவிட்டார்கள். விலாசத் தாளில் அந்த மூன்று பெயர்களுக்கு நேரே அவர் எதுவும் எழுதவில்லை.