வேலியோரத்துப் புல்

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கெட்டிலம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறே ஏதோ இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கொட்டகைக்குப் பின்பக்கம் அடுப்பை மூட்டி, பெரிய அலுமினியக் கெட்டிலில் எலுமிச்சம்புல், புதினா, கைப்பிடி செம்பருத்தி இதழ் எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பாள். ஆறினதும் வடிகட்டி மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி வைப்பாள். இதெல்லாம் அவள் வேலையா என்றால், இல்லை. அவள் வேலை விடுதிகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடிப்பது. யாரும் கேட்காமலே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இது.

காரணம் பயம்தான். சில வருஷத்துக்கு முன்னால், பக்கத்து மேசையில் மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி வெயில் தாங்காமல் மயங்கி, இரும்பு மேசை விளிம்பில் மண்டை இடித்து விழுந்தாள். அன்றைக்குப் பிடித்த பயம் கெட்டிலம்மாவுக்கு இன்னும் விடவில்லை. சும்மாவே அவள் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தாலும் பயம், இடிக்காவிட்டால் மழை வராதே என்று அதற்கும் ஒரு பயம். மகன் லாரி எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வருகிறவரை சோறு இறங்காது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க, உங்களுக்கு வெளிச்சத்துலயும் பேய்தான்" என்று இஸ்திரிக்கார மீசை கேலி பண்ணுவார். பண்ணிவிட்டு இரண்டு டம்ளர் வாங்கிக் குடிப்பார்.

அந்த வருஷ வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே தகரக் கூரை, கீழே கொதிநீர் ஓடுகிற சலவை மெஷின்கள், நடுவில் ரோலர். ஈர விரிப்பை ஒரு பக்கம் இரண்டு பேர் விளிம்பு பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். சூடான உருளைக்குள் போய் மொடமொடவென்று மறுபக்கம் வரும். உள்ளே கொடுக்கிற பக்கம் நின்றவள் கெட்டிலம்மாவின் மருமகள். ஆறு மாதம் முடிந்து வயிறு முன்னால் தள்ளியிருந்தது. "வீட்டுலயே இரும்மா, என் கண்ணுல்ல" என்று மாமியார் கெஞ்சிப் பார்த்தாள். "சும்மா உக்கார்ந்தா எனக்குப் பைத்தியம் பிடிக்கும் அத்தை" என்று அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கிறவளை எப்படிக் கட்டி வைப்பது?

நடந்தது இதுதான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கெட்டிலம்மா வளர்த்த புல், தினம் அறுத்து அறுத்து மொட்டையாகிவிட்டது. பின்வேலியோரம் தானாக வளர்ந்த புதர் ஒன்று இருந்தது. கிள்ளி முகர்ந்தாள், அதே வாசனை. அரிவாளை வைத்து ஒரு கட்டு அறுத்து வந்து கொதிக்க வைத்தாள். முதல் மணி அடித்ததும் எல்லோரும் டம்ளரை நீட்ட, ஊற்றிக் கொடுத்தாள். மருமகளுக்கு மட்டும் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் தோட்டக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வேலியோரம் களைக்கு மருந்து அடிச்சிருக்கேன். கடும் மருந்து. அந்தப் பக்கம் யாரும் கை வச்சுடாதீங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டார்.

கெட்டிலம்மாவுக்குக் காலையில் அறுத்த கட்டு நினைவுக்கு வந்தது. கையில் இருந்த விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது. கூப்பிட்டு எந்த வேலி என்று கேட்டிருக்கலாம்தானே? கேட்டிருக்கலாம். சைக்கிள் கேட்டைத் தாண்டின பிறகுதானே அது அவளுக்குத் தோன்றியது! அடிப்பாவி, வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே, அதுவும் உன் மடியில மட்டுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் கூடமே அலறும். ரோலரை விட்டுவிட்டு ஓடுவார்கள், யாராவது கையைச் சுட்டுக்கொள்வார்கள். போலீஸ் வரும். சொல்லாமல் இருந்தால்? கடவுளே, சொல்லாமல் இருந்து யாராவது விழுந்தால்? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், விரிப்பை எடுத்து மடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

பார்த்தது இன்னும் பெரிய கொடுமையாகப் போயிற்று. மீசைக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. விஷமா? அவருக்கு எந்த நாள்தான் ஊற்றவில்லை! ஒருத்தி நெற்றியை அழுத்திக்கொண்டு தலைவலி என்றாள். இந்த வெயிலில் யாருக்குத்தான் தலை வலிக்காது? துணி அலசுகிறவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். கெட்டிலம்மாவுக்கு உயிரே நின்றுவிட்டது. அவர் கொட்டாவி விட்டு மறுபடி எழுந்து போனார். வெயில் பண்ணுகிறதும் விஷம் பண்ணுகிறதும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு மனுஷி எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? அவளும்தான் குடித்திருந்தாள். அந்த நினைப்பு அவளுக்கு வரவே இல்லை.

கடைசியில் மருமகளைப் பார்க்கத் துணிந்தாள். மற்றவர்களெல்லாம் நனைந்து கிடக்க, அவள் முகத்தில் மட்டும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. காய்ந்து, லேசாகச் சிவந்து, பவுடர் போட்ட மாதிரி இருந்தது. அப்பாடா, என் தங்கத்துக்கு ஒண்ணும் இல்ல, வேர்க்கக்கூட இல்ல என்று கெட்டிலம்மா மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்காக அவள் பிறகு எத்தனை நாள் தன் தலையில் அடித்துக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அதற்குள் தலைவலிக்காரி பானைப் பக்கம் போனாள், இன்னொரு டம்ளர் மொள்ள. அவ்வளவுதான், கெட்டிலம்மாவுக்கு வாய் திறந்துகொண்டது.

"குடிக்காதே! யாரும் குடிக்காதீங்க! வேலியோரப் புல்லுதான் போட்டேன். மருந்து அடிச்ச புல்லு! எல்லாருக்கும் நான்தான் விஷத்தைக் குடுத்துட்டேன்!"

ரோலர் நின்றது. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஒருத்தி விரலை வாயில் விட்டுக் குமட்டினாள், ஒருவர் கெட்டவார்த்தை சொன்னார், சூப்பர்வைசர் கண்ணாடி அறையை விட்டு வெளியே ஓடி வந்தார். மீசைக்காரர் மட்டும் வெளியே போய், கேட்டுக்குள் திரும்பி நுழைந்த தோட்டக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"எந்த வேலிய்யா?"

"ரோட்டுப் பக்க வேலிதான். ஏன்?"

"பின்வேலி?"

"பின்வேலியா? அந்தப் பக்கம் நான் போய் மாசக்கணக்குல ஆச்சு. அங்க பாம்பு இருக்கு."

கூடமே குலுங்கிச் சிரித்தது. குமட்டினவள் கெட்டிலம்மாவின் தோளில் ஒரு அடி வைத்தாள். "ஏங்க, போற உயிரைப் பாதி நீங்களே வாங்கிட்டீங்களே!" கெட்டிலம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மருமகள் பக்கம் கையை நீட்டி, "உன்னை நினைச்சுதாம்மா ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்றாள்.

"எனக்கென்ன அத்தை" என்றாள் மருமகள். நாக்கு குழறியது. "நான் குடிக்கவே இல்லையே. நான் எப்பவும் குடிக்கிறதே இல்ல."

சொல்லி முடிக்கவில்லை, ரோலர் ஓரமாகச் சரிந்தாள். பக்கத்தில் நின்ற ஜோடிக்காரிதான் தாங்கிப் பிடித்தாள். தொட்டவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். "ஐயோ, உடம்பு நெருப்பா கொதிக்குது!"

யார் கத்தினார்கள், யார் ஓடினார்கள் என்று கெட்டிலம்மாவுக்கு நினைவில்லை. துணி அலசுகிறவர் மெஷினிலிருந்து பிழியாத விரிப்புகளை அள்ளி வந்து மருமகள்மேல் போட்டார். தொட்ட இடமெல்லாம் துணி வெதுவெதுப்பானது. மறுபடி நனைத்துப் போட்டார்கள். ஜோடிக்காரி விசிறிக்கொண்டே அழுதாள்.

"தினமும் ரோலருக்குக் கீழே சாக்கடையில ஊத்திடுவாம்மா. உங்க மனசு நோகும்னு உங்ககிட்ட காலி டம்ளரைக் காட்டுவா. குடிச்சா அடிக்கடி பாத்ரூம் வருதாம். இவ போனா ரோலரை நிறுத்தணும். 'என்னம்மா, மறுபடியுமா? இங்க வேலைக்கு வர்றியா, பாத்ரூமுக்கு வர்றியா'ன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. அன்னியிலேர்ந்து காலையில வீட்டுல வாய் நனைக்கிறதோட சரி."

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு வண்டி எடுக்கப் போனார். கெட்டிலம்மா மருமகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காலை முழுக்க விஷம் விஷம் என்று பானையையே பார்த்துக்கொண்டிருந்தோமே, கண் முன்னாடி இது காய்ஞ்சுக்கிட்டிருந்ததே என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார்கள். வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்த நர்ஸ், "குழந்தைக்குத் துடிப்பு இருக்கு. ஆனா வேகமா இருக்கு" என்றாள். "உடம்புல தண்ணியே இல்லம்மா. எத்தனை நாளா இப்படி? இவங்களுக்கு யூரின் போகணும். போனாத்தான் கிட்னி ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

கெட்டிலம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. மகனுக்குப் போன் போட்டால் என்ன சொல்வது? லாரி ஓட்டிக்கொண்டிருப்பான், கை நடுங்கி எங்காவது விட்டுவிட்டால்? போடவில்லை. ஒரு பாட்டில் முடிந்து அடுத்ததை மாட்டினார்கள். நர்ஸ் வந்து பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், போனாள். வாழ்நாளெல்லாம் பட்ட பயமெல்லாம் வெறும் விளையாட்டு என்று கெட்டிலம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நிஜப் பயம் சத்தமே போடவில்லை, சும்மா பக்கத்தில் நின்றது.

வெயில் இறங்குகிற நேரத்துக்கு மருமகள் கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. கெட்டிலம்மா காதைக் கிட்டே கொண்டுபோனாள். அந்தப் பெண் முதலில் கதவுப் பக்கம் பார்த்தாள், யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அத்தை... பாத்ரூம் வருது. போகலாமா? யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"போகலாம்டி என் கண்ணே, போகலாம், எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம்" என்று கெட்டிலம்மா பெருங்குரலெடுத்து அழுதாள். ஒரு கையால் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளை அணைத்துக் கூட்டிப் போனாள்.