கண்ணை மூடியாச்சு

சாவு மேளம் வாசலில் வந்து நின்ற அன்று எங்கள் கேம்ப்பில் யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு எனக்கு அடித்துக்கொண்ட மாதிரி படிக்கிற உங்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அறுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மிட்வைஃப். பிரசவம் பார்ப்பதற்கு நான், அம்மை குத்த ஒருவர், மலேரியாவுக்கு ஒருவர். வயசானவர்களுக்கென்று யாரும் கிடையாது. பிரசவத்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் மூலையில் ஒரு கிழவரோ கிழவியோ இருப்பார்கள். "எங்கண்ணையும் கொஞ்சம் பாரேம்மா" என்று கையைப் பிடிப்பார்கள். வயசானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வருவதுதான் எங்கள் வைத்தியம். வீட்டாரும் அதையேதான் சொன்னார்கள். புரை விழுந்துவிட்டதா, கையில் ஒரு கோலைக் கொடு, ஓரமாக உட்கார வை. அவ்வளவுதான்.

எங்கள் டாக்டர் சின்ன வயசுக்காரர். அவருக்கு இது பொறுக்கவில்லை. புரை எடுக்கிற கேம்ப் ஒன்றுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கண் டாக்டரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். நிலையத்தில் கட்டிலும் இல்லை, இடமும் இல்லை. மனுஷர் வெட்கம் பார்க்காமல் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். பஞ்சாயத்து பிரசிடெண்ட் பழைய சத்திரத்தை ஒழித்துக் கொடுத்தார். விவசாயிகள் படுக்கைக்கு வைக்கோல் கொண்டுவந்து கொட்டினார்கள். வாலாஜாபாத் ரைஸ் மில் முதலாளி கஞ்சிக்கு நொய்யும் கோணியும் அனுப்பினார். அந்தக் கோணியைச் சின்னச் சின்னப் பையாகத் தைத்துப் பாலாற்று மணலை அடைத்தோம். ஆபரேஷன் ஆனவர்கள் தலையைத் திருப்பாமல் இருக்க ரெண்டு பக்கமும் அண்டக்கொடுப்பதற்கு. சர்ச் பெண்கள் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் கட்டுத்துணி ஆக்கினார்கள். நாங்கள் அதை அண்டாவில் போட்டு வேகவைத்தோம்.

எல்லாம் கிடைத்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள்தான் கிடைக்கவில்லை. அறுப்பு நேரம். மகன்களும் மருமகள்களும் பெரியவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு அதே வண்டியில் திரும்பிப் போனார்கள். "கூலிக்குப் போவலன்னா ஆண்டை வேற ஆளை வெச்சிடுவாரும்மா" என்றார்கள். அதுவும் பொய்யில்லை.

நீர்க்கட்டி

பெயர் எழுதுகிற அன்று ஒரு கூத்து நடந்தது. காலனியைச் சேர்ந்த முனுசாமி என்கிற பெரியவரை அவர் மனைவி பச்சையம்மாள் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். மெட்ராஸ் டாக்டர் தலை நிமிராமல், "என்ன உனக்கு?" என்று கேட்டார். என்ன வேலை என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டு இவர், "நீர்க்கட்டிங்க" என்றார்.

"நீர்க்கட்டியா? எங்க இருக்கு, சட்டையைக் கழட்டு."

"சட்டை ஏதுங்க சாமி? எங்கூரு ஏரிக்கு நான்தான் நீர்க்கட்டி."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டு, வயல் வயலாகப் பாய்ச்சி, மறுபடி அடைக்கிறவருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கீழே வைத்தார்.

ஆனால் முனுசாமி நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. ஊர் ஊராக ஊசியை வைத்துக்கொண்டு சுற்றுகிறவன் ஒருவன், கண்ணில் விழுந்த பூவை எடுக்கிறேன் என்று வலது கண்ணைக் குத்திக் கெடுத்துவிட்டுப் போயிருந்தான். மிச்சம் இருந்தது இடது கண் ஒன்று. அதிலும் புரை முற்றிப் போயிருந்தது. மதகுக் கல்லில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கையால் தடவிப் பார்த்துத்தான் ஒரு வருஷமாகக் காலம் தள்ளியிருக்கிறார். ஊரில் வேற ஆளைப் போடப் பேச்சு கிளம்பியாகிவிட்டது.

பச்சையம்மாளிடம், "நீயாவது கூட இரும்மா" என்றேன்.

"நான் இங்க குந்திகினு இருந்தா மதகை யாரு பாக்கறது நர்சம்மா? ஒரு நாள் தண்ணி வுடலன்னா போதும், இவரை எடுத்துட்டு அட்த்த ஆளை வெச்சிடுவாங்க. இவரு வர்ற வரிக்கும் நான் பாத்துக்கறேன். இவரை நீ பாத்துக்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கன்னியப்பன் கொண்டுபோன சேதி

இப்போதெல்லாம் காலையில் புரை எடுத்துவிட்டு மத்தியானம் வீட்டில் டி.வி. பார்க்கிறார்கள். அப்போது அப்படியில்லை. இரண்டு கண்ணையும் கட்டி ஒரு வாரம் போல மல்லாக்கப் படுக்க வைப்போம். எழுந்திருக்கக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அசைந்தால் புண் பிரிந்துவிடும். பிரிந்தால் கண் போச்சு. ஒற்றைக் கண்ணோடு வந்த முனுசாமிக்கு அது போனால் மறுபேச்சில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை வைக்கோல் வண்டிக்காரர் கன்னியப்பன் வந்தார். முனுசாமி குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கன்னியப்பா, பஸ்ஸாண்ட போனா எங்கூரு வழியா போற கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. கண்ணை மூடியாச்சு, பேஜார் ஒண்ணுமில்லன்னு வூட்ல சொல்லிடச் சொல்லு."

நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். முனுசாமிக்கு அது தினமும் சொல்கிற வார்த்தை. மதகில் தண்ணீர் போகிற துவாரத்துக்குக் கண் என்றுதான் பேர். பாய்ச்சல் முடிந்ததும் வயல்காரர்களிடம், "கண்ணை மூடியாச்சு, போய்ப் படுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். அந்த வாய்ப் பழக்கத்தில் தன் கண்ணையும் மூடிவிட்டார் மனுஷர்.

கன்னியப்பன் கண்டக்டரிடம் சரியாகத்தான் சொன்னாராம். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற அவசரத்தில் பாதியைக் காதில் வாங்கியிருக்கிறார். அந்த ஊர் டீக்கடை முன்னால் பஸ் நின்றதும், படியில் தொங்கிக்கொண்டே, "நீர்க்கட்டி முனுசாமி கண்ணை மூடிட்டாராம்பா, வூட்ல சொல்லிடுங்க" என்று கூவிவிட்டு விசிலை ஊதிவிட்டார். டீக்கடையிலிருந்து சேதி ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது அதில் கண்ணே இல்லை. "உம் புருசன் போயிட்டாரு" என்பதுதான் பச்சையம்மாள் காதில் விழுந்தது.

மேளம்

நான் ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மேளம் கேட்டது. யாரோ போகிறார்கள் என்று இருந்தேன். சத்தம் சத்திரத்துப் பக்கமே திரும்பியது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது.

உள்ளே படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணைக் கட்டியவர்கள். என்ன நடக்கிறது என்று தெரியாது. "நம்மள்ல யாரு?" என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான், சத்திரம் முழுக்க வைக்கோல் சலசலத்தது. ஆபரேஷனில் ஒருத்தர் போய்விட்டார், அடுத்து நாமதான் என்று எல்லாருக்கும் கிலி. ஒரு கிழவி கட்டை அவிழ்க்கவே கையைத் தூக்கிவிட்டாள்.

"யாராவது தலையைத் தூக்கினீங்க, நானே அடிச்சிடுவேன்! யாரும் சாகல! படுங்க!" என்று கத்தினேன். எனக்கு எட்டூருக்குக் கேட்கிற தொண்டை. படுத்துவிட்டார்கள்.

முனுசாமி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "இன்னா நர்சம்மா, எம் பொண்டாட்டி கொரல் மாதிரி கீது? அய்யோ, எங்க வூட்ல யாரு செத்துட்டாங்க?" என்று முழங்கையை ஊன்றிவிட்டார்.

கஞ்சிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் தோளை இரண்டு கையாலும் அழுத்தினேன். வேறு என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

"நீதான் நைனா செத்துட்ட. அசையாம படு."

"நானா?"

"ஆமா. கண்ணை மூடியாச்சுன்னு சேதி அனுப்பினல்ல? மேளத்தோட வந்திருக்காங்க."

அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "சிரிக்காத! கடவுளே, சிரிக்காத நைனா, கண்ணு போயிடும்!" என்று தாடையைப் பிடித்துக்கொண்டேன். எதிர் வரிசையில் படுத்திருந்த முதலியார் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாவு மேளத்தைக் காதால கேட்ட பொணம் நீ ஒருத்தன்தான்டா" என்றார். அவரையும் ஓர் அதட்டல் போட்டேன். எனக்கே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வாசலில் எங்கள் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டபடி, "உயிரோட இருக்காருய்யா, நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மேளம் நின்ற பிறகுதான் அது அவர்கள் காதில் ஏறியது. பச்சையம்மாளை மட்டும் உள்ளே விட்டார்.

அவள் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நம்பிக்கை வரவில்லை. எப்படி வரும்? வைக்கோல் மேல் நேராகக் கிடத்தி, தலைக்கு இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, முகத்தில் வெள்ளைத் துணி சுற்றி, பிணத்தைக் கிடத்துகிற மாதிரிதானே நாங்கள் கிடத்தியிருந்தோம். குங்குமத்தை வருகிற வழியிலேயே அழித்திருக்கிறாள். நெற்றியில் சிவப்புத் தீற்றல் மட்டும் இருந்தது. வாயைத் திறந்து கத்தப் போனாள்.

"யாரு, பச்சையாவா?" என்றது பிணம். "மதகை யாராண்ட வுட்டுட்டு வந்த?"

புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள் அவள். "அழாதம்மா, நீ அழுதா அவரும் அழுவாரு, அப்புறம் கண்ணு போயிடும்" என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஒரு சத்தம் இல்லாமல் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அந்த மாதிரி அழுகையை அடக்கின ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

மேளத்தோடு வந்தவர்கள் வெளியிலேயே நின்றார்கள், திரும்பிப் போகவில்லை. மேளக்காரர்களில் மூத்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சாவுக்குப் போறம்னு சொல்லிட்டு வந்துட்டோம். சாவுன்னா எந்த ஆண்டையும் கேக்கமாட்டான். வெறுங்கையோட திரும்பிப் போயி இன்னா பண்றது? எதனா வேலை கீதா நர்சம்மா?"

வேலையா இல்லை! ஒருவரை மதகைப் பார்க்க ஊருக்குத் திருப்பி அனுப்பினேன். மற்றவர்கள் தண்ணீர் சேந்தினார்கள், மூத்திரச் சட்டி எடுத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள். ஒப்பாரிக்கு வந்த பெண்கள் ஆளுக்கொரு தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். பிரசிடெண்ட் ஊர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, காலனிக்காரர்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்துப் படுக்க வைத்திருந்தார். முதலியார் ஒரு வாய் கஞ்சி வாங்கிவிட்டு, "யாரு ஊட்டறது?" என்று கேட்டார். "சாவு மேளத்துக்கு வந்தவரு. வேண்டாம்னா சொல்லுங்க, மேளத்தை எடுக்கச் சொல்றேன்" என்றேன். அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்தார்.

கட்டு அவிழ்த்த அன்று

அந்த வாரம் முழுக்கப் பச்சையம்மாள் வெறும் நெற்றியோடுதான் இருந்தாள். மற்றப் பெண்கள் திட்டித் தீர்த்தார்கள். "புருசன் குத்துக்கல்லாட்டம் கீறாரு, நெத்தியில வெச்சிக்கினா இன்னா?" என்பார்கள். "இருக்கட்டும்" என்பாள்.

முனுசாமி முறை வந்தது. மெட்ராஸ் டாக்டர் கட்டைப் பிரித்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் புண் ஆறிக் கூடியிருந்தது. தடிமனான சோதனைக் கண்ணாடி ஒன்றைக் கண் முன்னால் பிடித்து, விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டார்.

பதில் இல்லை. மறுபடி கேட்டார். அதற்கும் பதில் இல்லை. போச்சு, அன்றைக்கு முழங்கை ஊன்றினாரே, அதில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

முனுசாமி டாக்டர் விரலைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, நெத்தி வெறுமனே கீது?"

பச்சையம்மாள் இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். "நீயா பாத்துக் கேட்டாத்தான் வெச்சிக்கறதுன்னு இருந்தேன்" என்றாள். குங்குமத்தை வைத்துக்கொள்ளும்போதுதான் அத்தனை நாள் அடக்கியதெல்லாம் ஓவென்று வெளியே வந்தது. நானும் கூடச் சேர்ந்து அழுதேன். டாக்டர் விரலை நீட்டியபடியே நின்றிருந்தார்.

முனுசாமி அதற்குப் பிறகு பல வருஷம் மதகு பார்த்தார். கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு கரைமேல் நடப்பார். எங்கள் கேம்ப்பில் "மூடியாச்சு" என்கிற வார்த்தையைத் தடை செய்தோம். கட்டு போட்டாச்சு என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது அது இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், ஆபரேஷனுக்குத் துணையாக இருக்க ஒருவரும் வரவில்லை. சாவு என்றதும் கூப்பிடாமலே ஒரு காலனியே கிளம்பி வந்தது. ஆள் இல்லாமல் இல்லை. நாங்கள்தான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த கேம்ப்பிலிருந்து, "கூட யார் இருப்பாங்க?" என்று நான் கேட்பதில்லை. "நீ செத்தா யாரு யாரு வருவாங்க?" என்று கேட்பேன். எல்லாரும் முதலில் முறைப்பார்கள். பிறகு கடகடவென்று பேர் வரும். அவர்களிடம் நானே போய், அப்போ போட இருக்கிற லீவை இப்போதே போடுங்கள் என்று சண்டை பிடிப்பேன். முக்கால்வாசிப் பேர் வந்தார்கள்.

ஒரே ஒரு கிழவி, அடுத்த வருஷம், வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்கு யாரும் வரமாட்டாங்கம்மா" என்றாள். முனுசாமியைக் கண் காட்ட அழைத்துவந்த பச்சையம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எம்பேரைச் சொல்லுடி, நான் வரேன்" என்று அந்தக் கிழவி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.