முதுகுக்குக் கீழே குளிர்

ஒரு மனிதர் குளிரில் நடுங்குவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதை மறைக்கப் போவதில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக மூன்று வாரம் பாடுபட்டேன்.

இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கம் நான் படிப்பிக்கும் பாடசாலையில் மலையேற்றக் குழு ஒன்று உண்டு. அதற்குப் பொறுப்பு எங்கள் விஞ்ஞான ஆசிரியர், பதுளை டவுன்காரர். பிள்ளைகளை நமுனுகுலை மலையில் ஓரிரவு தங்கவைப்பதென்று முடிவானதும், நாங்கள் முதலில் போய்ப் பார்த்துவர வேண்டும் என்றார். அவரும் நானும், கூடவே இன்னோர் ஆசிரியரும் அந்த ஆசிரியரின் மனைவியும் கிளம்பினோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கூடாரம் என்றால் சுமையாம். மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் ஹமக்தான் இலேசாம். ஒன்றை வாங்கியிருந்தார், அதில் படுத்துப் பார்க்க என்னைப் பிடித்தார். அவருக்குக் கூடாரம்.

அடிவாரத்தில் எங்கள் பைகளைக் கொக்கித் தராசில் மாட்டி நிறுத்தார். தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து நிறுக்க நின்ற வரிசையில் நானும் நிற்பதுபோல எனக்கு எரிச்சல் வந்தது. என் பைக்குள் கையை விட்டுக் கம்பளியை உருவி வேனுக்குள் எறிந்தார்.

"இதெல்லாம் எதுக்கு டீச்சர்? ஸ்லீப்பிங் பேக் இருக்குதானே. அது போதும்."

போதவில்லை. மேலே மூடியிருந்த நெஞ்சு சுடச்சுட இருந்தது. கீழே முதுகும் இடுப்பும் ஐஸ் கட்டியில் கிடந்ததுபோல விறைத்துப்போயின. புரண்டு படுத்தால் குளிரும் கூடவே புரண்டது. விடியும்போது எனக்குப் பேச்சு வரவில்லை. தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்ததோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். திங்கட்கிழமை பாடசாலை அதிபரிடம் போய், "தோட்டத்துல பொறந்த டீச்சரே தாங்கல சேர். லயத்துப் பிள்ளைங்ககிட்ட நல்ல உடுப்பும் இல்ல. அவங்கள விட்டுட்டுப் போவோம்" என்று சொல்லியிருக்கிறார். பட்டியலிலிருந்து ஒன்பது பெண்பிள்ளைகளின் பெயர் வெட்டப்பட்டது. ஒன்பதும் என் வகுப்பு, தோட்டத்து லயக் குடியிருப்புப் பிள்ளைகள். மாதக்கணக்கில் அந்தப் பயணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள். அன்று ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நடுங்கியதால்தான் அவர்கள் பெயர் போனது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த ஆளை நடுங்கவைக்காமல் விடுவதில்லை என்று.

விடை கிடைத்தது எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. என்னோடு ஒன்றாய்ப் படித்தவள் அங்கே வேலை செய்கிறாள். அவளிடம் என் கதையைக் கொட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி, இது தெரியாமலா டீச்சரான? குளிரு அடியிலிருந்துல்ல ஏறும்! இங்க பாரு."

சேலைத் தூளிகளைக் காட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும், வெளிப்பக்கமாக, பழைய போர்வை ஒன்று தனியாகக் கட்டியிருந்தது. உள்ளே விரித்தால் பிள்ளையின் பாரத்தில் அமுங்கிவிடும், அமுங்கின துணியில் சூடு தங்காது என்றாள். என் ஸ்லீப்பிங் பேக்கும் முதுகுக்குக் கீழே அப்படித்தான் நசுங்கிக் கிடந்திருக்கிறது. நானும் அதே காம்பராவில், அதே மாதிரித் தூளியில் தூங்கி வளர்ந்தவள்தான். கடைச் சாமானைக் கண்டதும் புத்தி மழுங்கிவிட்டது.

சொந்தமாக ஒரு ஹமக் வாங்கினேன். பழைய குடைகளின் துணியைப் பிரித்து, நடுவே பஞ்சுப் போர்வை வைத்துத் தைத்தேன். நான் தங்கும் ஆசிரியர் குவாட்டர்ஸ் தூண்களில் ஹமக்கைக் கட்டி, அதன் அடியில் இதைக் கட்டிப் பார்த்தேன். முதல் நாள் தொளதொளவென்று தொங்கி, இடையில் காற்றுப் புகுந்தது. அடுத்த நாள் இறுக்கிக் கட்டிப் பஞ்சை நசுக்கினேன். மூன்றாம் முறை, முதுகைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கம்பளியில் பாதிப் பாரம்கூட இல்லை.

பிறகு அதிபர் முன்னாலேயே கேட்டேன். "இன்னொரு தடவ போவோம் சேர். இந்தத் தடவ சயன்ஸ் சேரும் ஹமக்ல படுத்துக் காட்டட்டும்."

"அதுக்கென்ன டீச்சர், படுத்தாப் போச்சு" என்றார் அவர். அதிபர் முன்னால் வேறென்ன சொல்வார்? குளிர் எங்கிருந்து வரும் என்று நான் மூச்சுவிடவில்லை.

இம்முறையும் அதே நாலு பேர். உச்சிக்குக் கீழே டர்பன்டைன் மரங்களில் அவரும் நானும் அவரவர் ஹமக்கைக் கட்டினோம். பொழுது சாய்ந்ததும் நான் என் போர்வையை அடியில் கட்டியதை அவர் பார்த்தார். "தொட்டிலா டீச்சர்?" என்று கேட்டு, கூடாரத்திலிருந்த தம்பதியையும் சிரிக்கவைத்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். காற்று ஏறியது. நான் இதமாகக் கிடந்து, அவருடைய கயிறு கிறீச்சிடுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். புரண்டார், எழுந்தார், சப்பாத்தைப் போட்டார், மறுபடி படுத்தார். ஒவ்வொரு கிறீச்சும் எனக்குத் தேனாக இருந்தது.

விடிய நேரமிருக்கும்போதே வந்து நின்றார். தாடை அடித்துக்கொண்டது.

"டீச்சர்... முதுகு விறைச்சுப் போச்சு. அதக் கொஞ்சம் தர ஏலுமா?"

"தாறேன் சேர். ஒன்பது பிள்ளைங்களும் வாறாங்கன்னு அதிபருக்கு இப்பவே ஃபோன்ல ஒரு வொயிஸ் மெசேஜ் அனுப்புங்க."

"இந்த நேரத்திலயா?"

"அவசரமில்ல. விடிஞ்ச பிறகும் அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

அனுப்பினார். பற்கள் தடதடக்க, ஒன்பது பேரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், குளிரைச் சமாளிக்கும் வழி டீச்சருக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். இரண்டாவது விஷயத்தை நான் கேட்டிருக்கவில்லை, அவராகவே சொன்னார். எனக்கும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன். பிறகு இறங்கி, அவரைப் படுக்கவைத்து, போர்வையை அவருக்கு அடியில் கட்டிவிட்டேன். தாலாட்டு ஒன்றுதான் பாக்கி. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நான் நெருப்பை மூட்டி அதனருகே உட்கார்ந்தேன்.

மறு மாதம் ஒன்பது பேரும் மலையேறினார்கள். எனக்கு நல்ல மனசு என்று பாடசாலையில் சொல்கிறார்கள். போர்வையை நான் கொடுத்தது அந்த ஒன்பது பேருக்காக. எனக்காக மட்டும் என்றால், சூரியன் உச்சிக்கு வரும்வரை அந்த மனிதரை நடுங்க விட்டிருப்பேன்.