சட்டை போடாத வீடு

கோடையில் நாள் முழுக்கக் காய்ந்த செங்கல் சுவரின் மேல் முதல் மழை விழும்போது ஒரு வாசனை எழும்பும். எல்லோரும் சிலாகிக்கிற மண்வாசனை அல்ல அது. அதைவிடக் கனமானது, சூளைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் மூக்கை நிறைத்துத் தொண்டை வரைக்கும் இறங்குவது. மண்ணூருக்குப் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டின் வெளிச்சுவருக்குப் பூச்சு கிடையாது என்பதால் என் பள்ளிக்காலத்து மழை எல்லாம் அந்த வாசனையோடுதான் வந்தது. உள்ளே பூசியிருந்தது, தரை போட்டிருந்தது, மின்விசிறி ஓடியது. வெளியே மட்டும் செங்கல்லும், நடுநடுவே பிதுங்கிக் காய்ந்த சிமெண்டும் அப்படியே தெரிய நின்றது. தெருவில் அதற்கு "சட்டை போடாத வூடு" என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, என் சொந்தத் தாய்மாமன்.

அப்பா தென்காசிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து வந்து, மாமா வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்றில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகத் தங்கியவர், கொஞ்ச நாளில் அந்தக் குடும்பத்துக்கே மாப்பிள்ளையாகிவிட்டார். அது எப்படி நடந்தது என்று கேட்டால் இன்றைக்கும் அப்பா ஒரு கதை சொல்வார், அம்மா வேறொன்று சொல்வாள். அம்மாவின் பங்காக வந்த சின்ன மனையில், பேங்கில் இருபது வருடக் கடன் வாங்கி வீடு கட்டினார்கள். அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. கடன் முடியும் வருடத்தைப் பேங்கில் சொன்னதும் அம்மா விரல்விட்டுப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள இவுளுக்குக் கண்ணாலமாயி, கொயந்த பொறந்து, அது இஸ்கூலுக்குப் போவுமே!" என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டாளாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கல்யாணமும் அந்தக் கடனும் ஒரே பேச்சில்தான் அடிபட்டன.

ஆனாலும் அம்மாவை உலுக்கிப் போட்டது கணக்கல்ல, ஒரு நோட்டீஸ். எங்கள் தெருவில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு குடும்பம், கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு இளம்பச்சையும் ஆரஞ்சுமாகப் பெயிண்ட் அடித்து, வாசலில் கிரானைட் பதித்து, பார்க்கக் கண்ணை எடுக்க முடியாதபடி வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கம்பெனி மூடிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மாமாவின் வாடகை அறைகள் காலியாயின. பையன்கள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். சொந்த வீடு கட்டியவர்கள் எங்கே போவார்கள்? ட்யூ கட்ட முடியாமல் நின்று, கடைசியில் பேங்க் ஆட்கள் வந்து அந்த இளம்பச்சைச் சுவரில் ஏல நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னது இதுதான்: "ஒட்றதுக்குத் தோதா சொவுர வழவழன்னு வச்சிருந்தாங்க. நம்ம வூட்டுக்கு பஸ்ஸு நிக்கறதுக்கு முன்ன கடன் நிக்கணும். அதுவரைக்கும் பூச்சு கெடையாது, பெயிண்ட்டு கெடையாது."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சம்பளம் ஒரு ஜாதி, "எக்ஸ்ட்ரா" வேறொரு ஜாதி. சம்பளத்தில் ட்யூவும் அரிசியும் ஸ்கூல் ஃபீஸும். ஓ.டி., லீவு போடாததற்குக் கொடுக்கும் படி, தீபாவளி போனஸ், அம்மா ஜாக்கெட் தைத்துச் சேர்த்தது எல்லாம் எக்ஸ்ட்ரா. அதை எங்கள் யாருக்கும் தொட உரிமை கிடையாது, அது வீட்டினுடையது. மாதத்தில் ஒரு நாள், அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்டு வரும் வாரமாகப் பார்த்து, காலையில் ஸ்ரீபெரும்புதூர் பேங்குக்குப் போய் அதைக் கடனில் கட்டிவிட்டு வருவார்கள். பள்ளி விடுமுறையானால் நானும் ஒட்டிக்கொள்வேன், ஏசிக்காக. வெளியே வந்ததும் ஒரு பன்னீர் சோடா; ஒன்றே ஒன்றுதான், மூன்று பேருக்கும். முதல் வாய் எனக்கு, கடைசி வாய் அப்பாவுக்கு. நடுவில் அம்மா குடித்தாளா குடித்தாற்போல் காட்டினாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பொங்கல் வந்தால்தான் கஷ்டம். தெரு முழுக்க வெள்ளையடிப்பார்கள், பெயிண்ட் வாசனை ஒரு வாரம் நிற்கும். எங்கள் அம்மா ஒட்டடைக் கம்பால் செங்கல்லைத் தட்டித் துடைத்து, அடியில் ஒரு வரிசைக்கு மட்டும் சுண்ணாம்பும் காவியும் மாற்றி மாற்றிப் பட்டை அடிப்பாள். மாமா தன் மூன்று நிற மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து, எல்லோரும் கேட்கும்படி, "இன்னா மாப்ள, இந்தப் பொங்கலுக்கும் கோவணம் மட்டுந்தானா? சட்ட எப்ப?" என்பார். மனதில் வஞ்சம் வைத்துப் பேசுகிறவர் இல்லை; ஆனால் தெருவே சிரிக்கும், எனக்கு அழுகை முட்டும். அப்பா மட்டும், "மச்சான், துணி எடுத்தாச்சு, டெய்லருதான் லேட்டு பண்ணுதாரு" என்று அவரையே சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார்.

இப்படி ஒன்றரை வருடம் போலக் கட்டிய பிறகு ஒரு நாள் அப்பா பேங்குக்குத் தனியாகப் போய், வரும்போது கால் கிலோ அல்வாவோடு வந்தார். மாத ட்யூ குறைந்துவிட்டதாம், இன்னும் கட்டக் கட்டக் குறையுமாம். பேங்கில் கேட்ட இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். ட்யூவைக் குறைக்கட்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொல்வான்? நாங்கள் அல்வாவைத் தின்றோம். மிச்சமான பணத்தில் எனக்கு ஒரு பாவாடை சட்டைகூட வந்தது.

அடுத்த மாதம் அம்மாவும் போனாள். கவுண்டரில் இருந்த மேடம் நிதானமான மனுஷி. அம்மா சும்மா ஒரு ஆசையில், "இப்ப எந்த வருஷம் முடியும் மேடம்?" என்று கேட்டாள். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னது அதே பழைய வருடம். ஒரு மாதம்கூட முன்னால் வரவில்லை.

"அப்போ நாங்க கட்னதெல்லாம் இன்னா ஆச்சு?"

"அசல்லதான்மா கழிச்சிருக்கோம், வட்டியும் குறைஞ்சிருக்கு. ஆனா நீங்க கேட்டபடி மாசத் தவணையத்தான் குறைச்சிருக்கு, வருஷத்தக் குறைக்கல. அது வேணும்னா எழுதிக் குடுக்கணும்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அல்வா, பாவாடை சட்டை எல்லாம் இருந்தது. "மாசம் கொறைஞ்சி இன்னா பிரயோஜனம்? பஸ்ஸு நிக்கற அன்னிக்கு ட்யூ சின்னதா கீதுன்னு வுட்ருவாங்களா? பேனா குடுங்க மேடம். எங்களுக்கு மாசம் கொறைய வோணாம், வருஷம் கொறையட்டும்." பழைய ட்யூவையே திரும்பப் போடச் சொல்லி, எக்ஸ்ட்ரா எல்லாம் இனி வருடத்தில்தான் கழிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள். அன்றைக்குப் பன்னீர் சோடா கிடையாது.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. ஒவ்வொரு தடவையும் பணத்தைக் கட்டிவிட்டு அம்மா கேட்பது அந்த ஒரே கேள்வி: "இப்ப எந்த வருஷம்?" வருடம் மெல்ல மெல்ல எங்களைப் பார்த்து நடந்து வரத் தொடங்கியது. என் பிள்ளை பள்ளிக்குப் போகும் காலத்தில் முடிய இருந்த கடன் என் கல்யாணத்துக்கு வந்தது, அங்கிருந்து நான் காலேஜ் முடிப்பதற்கு வந்தது, பிறகு நான் ப்ளஸ் டூ எழுதுவதற்கு வந்தது. அம்மா இதைக் குழாயடியில் சொல்லுவாள். எனக்கும் வெட்கம் போய் வெறி வந்துவிட்டது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்காமல் அந்தப் பணத்தை நானே எக்ஸ்ட்ராவில் சேர்த்தேன். தியாகம் என்று நினைத்தல்ல, ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவின் கம்பெனியில் ஓ.டி. நின்றது. பிறகு மூன்று ஷிப்டு இரண்டானது. அப்பா வேலை பார்த்த லைனையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த போனஸையும் கையில் இருந்ததையும் சேர்த்துப் போட்டால் கடன் அத்தோடு முடியும்; ஆனால் வீட்டில் ஒரு பைசா இருக்காது. அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. "ஏட்டி, கொஞ்சம் கையில வச்சுக்கிடுவோம். நாளைக்கே வேல போச்சுன்னா சோத்துக்கு என்ன செய்யுதது?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அம்மா மறுத்துப் பேசவில்லை. "சோத்துக்கு என் மிஷினு கீது. வூட்டுக்கு அது போதாது. நீ யோசிச்சி சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அப்பாவுக்கு வார விடுமுறை. ஆனால் குளித்துவிட்டு, தேய்த்து வைத்திருந்த கம்பெனி யூனிஃபாரத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "என்னப்பா, இன்னிக்கு வேலையா?" என்று கேட்டேன். "இந்தச் சட்டையிலதான் கடன வாங்கப் போனேன், இதுலயே போய் முடிச்சிட்டு வாரேன். கிளம்புங்க" என்றார்.

பேங்கில் மேடம் எழுந்து நின்று அம்மாவுக்குக் கை கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்துப் பத்திரத்தை வாங்கப் போனபோது, வண்டியில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவது மாதிரி அம்மா அதை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஆளுக்கொரு பன்னீர் சோடா. அம்மா தன் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அவ்வளவு தாகத்தை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாளோ!

அடுத்த கோடையில் லைன் மூடியது, பஸ் நின்றது. எல்லோருக்கும் கம்பெனி செட்டில்மெண்ட் கொடுத்தது. அப்பாவோடு வேலை செய்தவர்களில் பலருக்கு அது வந்த வேகத்திலேயே பேங்குக்குப் போயிற்று. அவர்களை நினைத்து அப்பா அழுததையும் பார்த்தேன். எங்களுக்கு வந்தது முழுசாக எங்கள் கைக்கு வந்தது. அதில் அப்பா ஒரு வேன் வாங்கி, ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்க ஆரம்பித்தார். மீதியில் மேஸ்திரி வந்தார். பூச்சு வேலை தொடங்கிய அன்று மாமா மேஸ்திரி கையிலிருந்து கரணையை வாங்கி முதல் கலவையைத் தானே அடித்தார். பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "யம்மா, அந்தப் பேங்க்ல வருஷம் கொறைக்க இன்னா எழுதிக் குடுக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார். மூன்று நிற மாடி வீட்டின் மேலும் கடன் இருந்த விஷயம் அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா ஒரு கிண்டலும் செய்யவில்லை. மறுநாளே கூடப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது நானும் ஒரகடத்தில்தான் வேலை பார்க்கிறேன், அப்பா வேனில் முன் சீட்டு எனக்கு. தெருவில் செங்கல் தெரிகிற வீடு ஒன்றுகூட இல்லை. குழாயடியில் பெண்கள் சந்தித்துக்கொண்டால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் "இப்ப எந்த வருஷம்?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். போன வாரம் இந்த வருடத்தின் முதல் மழை. அம்மா வாசலுக்கு ஓடிவந்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த சுவரில் மூக்கை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"ஒரு வாசனையும் வர்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, நனைந்துகொண்டே சிரித்தாள்.