பதினேழாவது படி

பத்துமலையின் வாழ்க்கையை அவர் உடைத்தவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம். பதினாறு வயதில், சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில், தன் தாயைக் கெட்ட வார்த்தை சொன்ன கணக்கெழுதும் கிராணியின் மூக்கு. இருபதில், ஒரு கல்யாண விருந்தில் இரண்டு நாற்காலிகள். இரண்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தை அதன் முதலாளிகள் விற்றபின் ஈப்போவுக்கு வந்து கட்டடம் இடிக்கும் வேலையில் சேர்ந்தார். கோபத்துக்குச் சம்பளம் தரும் தொழில்கள் உலகில் இரண்டுதான். இன்னொன்றைச் சொன்னால் என்மேல் வழக்கு வரும்.

ஐம்பத்தாறு வயதில் இடிப்பதற்கு அவர் கைக்கு வந்தது ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் படிக்கட்டு. கடை வரிசையொன்றின் முதல் மாடியில் இருந்தது நிலையம்; மின்தூக்கி கிடையாது. சிறுநீரகம் கெட்டவர்கள் வாரம் மூன்று தடவை மாடியேறினால் உடம்புக்கு நல்லது என்று எந்தப் புண்ணியவான் நினைத்தானோ! கான்கிரீட் வெடித்து, துருப்பிடித்த கம்பி வெளியே பல்லிளித்தது.

பத்துமலையின் மனைவி குமுதாவும் அங்கேதான் நோயாளி. முப்பது வருடம் ரப்பர் பால்வாளி சுமந்தவரை இப்போது கணவர் முதுகில் சுமந்து ஏற்றினார்.

"நான் என்ன அரிசி மூட்டையாங்க? எல்லாரும் பாக்குறாங்க. என் கால்ல நான் ஏறணும், எறங்கணும். அது போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நிலையம் மூடியிருந்தபோது, பத்துமலை இடிக்கும் மெஷினை மேல்படியின் கழுத்தில் வைத்தார். தெருவே அதிர்ந்தது. படிகள் ஒவ்வொன்றாய் நொறுங்கி விழுந்தன. முன்பொருமுறை குமுதாவைத் தடுக்கிவிட்ட ஏழாவது படியைத் தேவைக்கு மேலேயே இடித்தார் என்று கேள்வி.

பழைய படிகள் பதினாறு. நம் ஆட்கள் லாபம், நஷ்டம் என்று எண்ணி ஏறினால் அது நஷ்டத்தில் முடியும். கட்டட உரிமையாளரான சீனத் தவுக்கே பிறப்பு, முதுமை, நோய், சாவு என்று எண்ணுவார். அவருக்குச் சாவில் முடியும். இரண்டு இனங்கள் ஒரே கருத்துக்கு வருவது இந்நாட்டில் அபூர்வம் என்பதால், பதினேழு படி என்று உடனே முடிவானது.

வரைபடத்தில் பதினாறுதான். புதுப்படி கட்டும் குத்தகையை எடுத்த ரூபன் பொறியாளரைக் கேட்கவில்லை. பதினைந்து படிகளை ஒழுங்காகக் கட்டி, மேலே கடைசிப் படியின் உயரத்தை இரண்டு அரைப்படிகளாகப் பிளந்துவிட்டார். லாபம், பிறப்பு, எல்லாம் சரி. கான்கிரீட் இறுகும்வரை நோயாளிகள் பின்பக்க இரும்பு ஏணியில் தொங்கினார்கள். பிறகு பூசணிக்காய் உடைத்துத் திறந்தார்கள்.

அது வியாழக்கிழமை. நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்த குமுதா, கணவரைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே இறங்கினார். முதல் இரண்டும் அரைப்படி. கால் அந்த உயரத்தைப் பழகிக்கொண்டது. மூன்றாவது முழுப்படி; கால் அதைத் தேடிய இடத்தில் வெறும் காற்று இருந்தது.

பத்துமலை பாய்ந்து ஏறித் தாங்கினார். குமுதாவின் பாரம் அவர் தோளில் விழ, அவர் வாய் படியின் விளிம்பில் இடித்து இரண்டு பற்கள் தெறித்தன. குமுதாவின் கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டு அவிழ்ந்து, புதுச் சிமெந்தில் இரத்தம் பீய்ச்சியடித்தது. தாதி பிரமிளா ஓடிவந்து கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

ரூபன் வந்து பார்த்தார். "படி நல்லாத்தான் இருக்கு அண்ணே. அக்காதான் காலப் பாத்து வைக்கல லா."

ரூபனின் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

ரூபனை மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கையோடு, பத்துமலை லாரியிலிருந்து மெஷினை இறக்கினார். வாயில் இரத்தம் ஒழுக, மேலே இடையில் செருகியிருந்த அரைப்படியைச் செதுக்கி எறிந்தார். தவுக்கே தலையில் கைவைத்துக்கொண்டு, மறுபடி பதினாறா, சாவா என்று மலாயில் கத்தினார். பத்துமலையும் மலாயிலேயே பதில் கத்தினார்: எண்ணிக்கை சாவில் முடியட்டும், ஏறுகிற மனுஷன் முடியக்கூடாது. செதுக்கிய இடத்தைத் தன் கையாலேயே பூசினார்.

சனிக்கிழமை குமுதாவின் முறை. படியடியில் போலீஸ் கார் நின்றது. ரூபன் தாடையைக் கட்டிக்கொண்டே புகார் எழுதிக் கொடுத்திருந்தார்.

"செகெஜாப் லா, துவான்," என்று மலாயில் ஒரே நிமிடம் கேட்டு, பத்துமலை போலீஸ்காரரிடம் ஒரு விரலைக் காட்டினார். "அவ மேல ஏறி முடிக்கட்டும்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார். குமுதா கைப்பிடியைப் பற்றி ஏறினார். ஒன்பதாவது படியில் மூச்சு வாங்க நின்றார். பத்துமலை ஓரடி வைத்தார்.

"அங்கேயே நில்லுங்க! தொட்டீங்கன்னா பாருங்க!"

நின்றார். குமுதா மிச்சப் படிகளையும் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "பிரமிளா, நானே ஏறி வந்துட்டேன். எடை பாரும்மா."

பத்துமலை இரண்டு கைகளையும் நீட்டினார்.

"போலாம், துவான்."