என்னையே வெளியே எடுத்த ஞாயிறு

கோயம்புத்தூரில் நான் படித்த பொறியியல் கல்லூரியில் பெண்களுக்குக் கால்பந்து அணி தொடங்கியபோது பதினோரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆண்கள் அணியின் பழைய சட்டைகளை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஆடினோம். நான் வலது ஓரத்தில் ஓடுவேன். என்னைத் துரத்திப் பிடித்தவர்கள் குறைவு.

மெல்போர்னுக்கு வந்து பல வருடங்கள் ஆன பின்னும் அந்த நினைப்பிலேயே இருந்தேன். நான் குடியிருக்கும் புறநகரான பாயின்ட் குக்கில் வேலைக்குப் போகும் பெண்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்தேன். கோச்சும் நானே, வலது ஓரமும் நானே. ஆபீஸ் மீட்டிங்கில்கூட மேசைக்கடியில் என் கால் சும்மா இருக்காது.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை ஆட்டம். பாதி நேரத்தில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். ஆரஞ்சுத் துண்டுகளைக் கொடுத்தபடி, யார் யார் எங்கே கோட்டை விட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கோல்கீப்பர் யாழ்ப்பாணத்துப் பெண், நர்ஸ் வேலை பார்ப்பவள். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, கோவிக்காதேங்கோ. அவையள் உங்கட பக்கத்தாலதான் வருகினம். நீங்கள் திரும்பி வாறதுக்குள்ள பந்து என்னட்ட வந்திடுது."

"முட்டி வலி. அதான்."

"ஓம். அதுக்குத்தான் சொல்லுறன்."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள்மேல், பிறகு முட்டிமேல். மாற்று ஆட்டக்காரி ஒரே ஒருத்திதான். அணியில் சேர்ந்து மூன்று வாரமே ஆனவள், ஜாக்கெட்டோடு குளிரில் நின்றிருந்தாள்.

"என் இடத்துல நீ போ" என்றேன்.

மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே எப்படி நிற்பதென்றே தெரியவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நடுவர் இரண்டு முறை பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். ஆனால் உள்ளே ஓடும்போது ஒருநாளும் கண்ணில் படாதது அங்கிருந்து தெரிந்தது. எல்லாரும் பந்தின் பின்னால் ஓட, நடுவில் ஆளே இல்லை. "ரெண்டு பேர் நடுவுல நில்லுங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஒரு கோல் போட்டோம். இருந்தும் தோற்றோம். புதியவள் பந்தைப் பலமுறை எதிரணிக்கே கொடுத்தாள். ஆனாலும் அவள் பக்கமாகக் கோல் எதுவும் விழவில்லை.

அதன்பிறகு நான் ஆட்டத்தில் இறங்கவில்லை. வாரம் இருமுறை பயிற்சி கொடுக்கிறேன். இந்த வருடம் கோச்சுகளுக்கான வகுப்பு ஒன்றுக்கும் போனேன். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் பின்சுவர் ஓரமாக நடந்துகொண்டே பாடம் கேட்டேன்.